பக்கத்தில் உட்கார ஒருத்தி

அவள் பல் மருத்துவமனையில் உதவியாளர். டாக்டர் வேலை செய்யும்போது நோயாளியின் வாயில் ஊறும் எச்சிலைக் குழாயால் உறிஞ்சி எடுப்பதும், கருவிகளைக் கழுவி வைப்பதும் அவள் வேலை. வீட்டில் கணவனும் எட்டாம் வகுப்பு படிக்கும் மகளும். கணவன் லிஃப்ட் மெக்கானிக்.

பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் வகுப்பு டீச்சர் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "படிப்பெல்லாம் பரவாயில்ல. யாரோடயும் ஒட்டத்தான் மாட்டேங்கறா. மத்தியானம் தனியாத்தான் சாப்பிடறா."

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவன், "நானும் அப்படித்தான் இருந்தேன். போகப் போகச் சரியாயிடும்" என்றான்.

"நீங்க சரியாயிட்டீங்கன்னு யாரு சொன்னா?" என்று எரிந்து விழுந்தாள்.

அந்த மாதம் பல் கம்பியை இறுக்கிக்கொள்ள ஒரு பெண் வந்தாள். மகளின் வகுப்புதான். அந்த வகுப்பே அவள் பின்னால் சுற்றும் என்று மகள் ஒருமுறை சொல்லியிருந்தாள். டாக்டர் போன் பேச வெளியே போனார். நாற்காலியில் மல்லாந்திருந்த பெண்ணின் கன்னங்களுக்குள் பஞ்சு திணித்திருந்தது. இதைவிட்டால் வேறு சமயம் வாய்க்காது.

"கண்ணு, எம்பொண்ணு உன் கிளாஸ்தான். நல்லவதாம்மா, கொஞ்சம் கூச்சம். சாப்பிடறப்போ உன் பக்கத்துல உட்கார வச்சுக்கயேன். ஆன்ட்டிக்காக."

பஞ்சு நிறைந்த வாயோடு அந்தப் பெண் என்ன சொல்ல முடியும்? தலையை ஆட்டினாள்.

அடுத்த இரண்டு வாரமும் மகள் ஆளே மாறிப்போனாள். "அம்மா, நாளைக்கு டிபன் கொஞ்சம் கூட வை. நாங்க நாலு பேரு" என்றாள். குளியலறையில் பாட்டுச் சத்தம் கேட்டது. இவள் அடுப்படியில் நின்று தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள். கணவனிடம்கூட மூச்சு விடவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு மாலை, மகள் ஷூவைக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றாள்.

"நீ அவகிட்டப் போய்க் கெஞ்சினியா?"

"யாரு சொன்னா?"

"அவதான். நடிச்சே காட்டினாங்க. ஒருத்தி பெஞ்சுல வாயைப் பொளந்துட்டுப் படுத்துக்கிட்டா. இன்னொருத்தி கையைக் கட்டிக்கிட்டு, 'ஆன்ட்டிக்காக, ஆன்ட்டிக்காக'ன்னா. கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சுது. இப்ப எம்பேரே 'ஆன்ட்டிக்காக'தான்."

"உன் நல்லதுக்குத்தானேடி…"

"நான் கேட்டேனா? லைப்ரரிப் படிக்கட்டுல தனியா உட்காந்து பூச்சி வரைஞ்சுக்கிட்டிருந்தேன். யாருக்கும் என்னைத் தெரியாது. நிம்மதியா இருந்துச்சு. இப்ப அங்கயும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாங்க." மகள் அழவில்லை. "நான் தனியா இருக்கறது எனக்குக் கஷ்டமா இல்லம்மா. உனக்குத்தான் அசிங்கமா இருந்துச்சு."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். டீச்சர் பேசியபோது பக்கத்தில் இருந்த அம்மாக்கள் திரும்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

அடுத்த மாதம் கம்பிக்காரப் பெண் மறுபடி வந்தாள். வேறு ஆளை நிறுத்தலாமென்றால் மருத்துவமனையில் இவளைத் தவிர வேறு உதவியாளர் கிடையாது. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஈறில் ஒரு குத்து குத்தினால்கூடத் தவறிப் பட்டதென்று சொல்லிவிடலாம். ஆனால் பழகிய கை பதமாகத்தான் போயிற்று. அதற்காகத் தன் கை மேலேயே இவளுக்கு ஆத்திரம் வந்தது.

எழுந்து வாய் கொப்பளித்த அந்தப் பெண், "சும்மா விளையாட்டுக்குத்தான் ஆன்ட்டி" என்றாள்.

வரவேற்பறையில் அவள் அம்மா காத்திருந்தாள். டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லம்மா" என்றாள் இவள்.

அன்று மாலை, "ஸ்கூல் எப்படி இருந்துச்சு?" என்று மகளிடம் கேட்டாள்.

"நல்லா இருந்துச்சு" என்றாள் மகள், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

இப்போதெல்லாம் தினமும் அதே பதில்தான். அதற்குமேல் கேட்க இவளுக்குத் தைரியம் வருவதில்லை.