நான்கு பலகைகளின் பாரம்

ஒரு கருங்கல் பலகை இருநூற்றைம்பது கிலோ. ஆனாலும் அதை ஒற்றைக் கையால் அசைக்கலாம். கொட்டாஞ்சேனைக் கல்லுக்கடையில் பதினொரு வருடமாக வேலை செய்யும் கிளெமென்றுக்கு அதில்தான் பயம். இரும்புச் சட்டத்தில் சற்றே மல்லாந்து சாய்ந்திருக்கும் பலகையை முன்னுக்கு இழுத்தால், அது நேரே நிமிரும் இடத்தில் எடையே இல்லாததுபோல இருக்கும். ஒரு விரல் போதும். அந்த இடம் தாண்டினால் எடை முழுக்க இழுத்தவன் பக்கம் திரும்பும். ஒவ்வொரு அங்குலச் சரிவுக்கும் அது கூடிக்கொண்டே வரும்.

அதனால் கிரேனில் கவ்வி, ஒவ்வொன்றாகத் தூக்கித்தான் வாங்க வருபவர்களுக்குக் காட்டவேண்டும். அன்றைக்குக் கிரேனின் சங்கிலி திருத்தப் போயிருந்தது. கூட வேலை செய்யும் ஜெயகுமார் லொறியோடு பேலியகொடைக்குப் போயிருந்தான்.

"நாளைக்கு வாங்க மாஸ்டர்" என்றான் கிளெமென்ற்.

"வெள்ளவத்தையில இருந்து இந்த வெயிலுக்க வந்தனான். புத்தகத்தில தாள் புரட்டிற மாதிரிப் புரட்டிக் காட்டுமன். என்ன, சாப்பிடேல்லையோ?"

இளைப்பாறிய கணித ஆசிரியர் இராசரத்தினத்துக்குச் சாமியறைக்குக் கறுப்புக் கல் வேண்டும். மயிரிழை வெள்ளைக்கோடும் இருக்கக்கூடாது.

கிளெமென்ற் புரட்டினான். நான்கு பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்து, முன்னால் சாய்ந்து, அவன் உள்ளங்கைகளில் தங்கின. ஐந்தாவதின் முகம் தெரிந்தது.

"அங்கயே நின்டு பாருங்க."

மாஸ்டர் அதற்குள் ஓரமாக வந்து, தலையையும் ஒரு தோளையும் இடுக்குக்குள் விட்டுவிட்டார். கையில் போன். திரையில் கனடாவில் இருக்கும் மகள் நிஷாந்தினி.

"பிள்ளை, இது கோடோ, தூசோ?"

பலகைகளைப் பின்னுக்குத் தள்ளினால் மாஸ்டரின் கழுத்து நசியும். தள்ளாமல் நின்றால் பாரம் கூடும். கல்லின் நிறம் காட்ட ஊற்றிய தண்ணீர் காலடிக்கு வந்திருந்தது. செருப்பு அரை அங்குலம் வழுக்கியது. அந்த அரை அங்குலம் அவன் தோளில் ஒரு வாளித் தண்ணீராக ஏறியது.

"மாஸ்டர், மெதுவா தலையை எடுங்க." கத்தினால் அவர் திடுக்கிட்டுக் கல்லைப் பிடிப்பார்.

"பொறும் தம்பி, பிள்ளை பாக்கிறா."

"மாஸ்டர், எனக்குப் பிடிக்க ஏலாது."

அந்தக் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். தலை வெளியே வந்தது. கிளெமென்ற் உடனே தள்ளினான். பலகைகள் அசையவில்லை. மேல்விளிம்பு ஒரு சாணுக்கு மேல் சரிந்துவிட்டது. இனி அவை திரும்பப் போகா. விழுகிற கல்லைப் பிடிக்காதே, விட்டுவிட்டு ஓடு என்பது அவனுக்குத் தெரியும். கைகள்தான் கேட்கவில்லை.

"நில்லும், நானும் பிடிக்கிறன்!" மாஸ்டர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்து அவன் பக்கத்தில் நின்று, இரண்டு கைகளையும் கல்லில் வைத்தார். நல்ல மனிதர். எழுபது வயது.

அப்போதுதான் கிளெமென்றின் கைகள் விட்டன. தோளால் மாஸ்டரை ஓரத்துக்கு இடித்துத் தள்ளி, அவர் மேலேயே விழுந்தான்.

நிலம் குதித்தது. ஆயிரம் கிலோ கல், அவர்கள் நின்ற இடத்தில் துண்டு துண்டாகக் கிடந்தது. தூசு அடங்கும்வரை இருவரும் எழும்பவில்லை. கிளெமென்ற் தன் கால்களைத் தடவிப் பார்த்தான். பிறகு மாஸ்டருடையவற்றை.

"அப்பா? என்ன சத்தம்? கமராவைத் திருப்புங்கோ, அப்பா!"

மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் திருப்பப் பார்த்தார். கிளெமென்ற் அதை வாங்கி, கல்லைக் காட்டாமல், அவருடைய முகத்தைக் காட்டினான்.