பதிவு செய்த எண்

வெள்ளிக்கிழமை என்பதை மறந்து சுகந்தி பன்னிரண்டரை மணிக்கே வந்துவிட்டாள். தென்காசியில் அந்தக் கம்ப்யூட்டர் கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. கடை நடத்தும் பீர் மைதீன் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். குற்றாலத்தில் அவள் வேலை பார்க்கும் லாட்ஜில் சீசன் கூட்டம். ஈர விரிப்புகள் குவிந்து கிடக்க, மேனேஜரின் முணுமுணுப்பை வாங்கிக்கொண்டு அரைநாள் கேட்டு வந்திருந்தாள். இந்த மாதத்தில் இது மூன்றாவது அரைநாள். நாளை சனிக்கிழமை என்பதுதான் அவசரம். மகளுக்கு வெள்ளி வரை காலையும் மதியமும் பள்ளிக்கூடத்திலேயே சாப்பாடு. பசியெல்லாம் சனி, ஞாயிறில்தான். ‘எதுக்கும்மா லீவு விடுதாவ?’ என்று போன வாரம் பிள்ளை கேட்டாள். கடையில் அரிசி வாங்கினால் வாடகை நிற்கும். வாடகை கொடுத்தால் அரிசி நிற்கும்.

ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி அவள்தான். சில வருடங்களுக்கு முன் ஊரே பெண்கள் பெயருக்கு மாற்றியபோது கணவன் இசக்கிராஜாவே கூட்டிக்கொண்டு போய் மாற்றினான். போட்டோவில் பொட்டும் பூவுமாகத் தலைவி போலத்தான் இருந்தாள். போன் நம்பர் எழுதும் கட்டம் வந்ததும் மாமியார் சங்கரேஸ்வரி தடுத்தாள். “பொம்பள நம்பர ஆபீசுல குடுக்கப்புடாது. கண்டவனும் கூப்பிடுவான்.” சுகந்திக்கும் அது சரியென்றே பட்டது. தன் கையாலேயே அவன் நம்பரை எழுதினாள். கண்டவன் யாரும் இன்றுவரை கூப்பிடவில்லை. கட்டியவனும் ஒன்றரை வருடமாகக் கூப்பிடவில்லை.

அவன் கேரளத்துப் புனலூரில் வேறொருத்தியோடு இருக்கிறான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். மூன்று மாதமாகக் கார்டு அரிசியையும் அங்கேயே வாங்கிவிடுகிறான். எந்த ஊரிலும் வாங்கிக்கொள்ளலாமாம். இவள் ஊர், கீழப்பாவூர் ரேஷன் கடையில் இவள் விரலை வைத்தால், “இந்த மாசத்து அரிசிய கேரளாவுல எடுத்தாச்சேம்மா” என்கிறார் கடைக்காரர், இவளே போய் எடுத்துவந்த மாதிரி. நாளை ஒன்றாம் தேதி; புது மாத அரிசியை அவன் எடுப்பதற்குள் பேரை நீக்கியாக வேண்டும்.

இரண்டு மணிக்குப் பீர் மைதீன் வந்து ஷட்டரைத் தூக்கினார்.

“என்ன தங்கச்சி, மறுபடியுமா?”

“கார்டுலருந்து அவுக பேர எடுத்துருங்க பாய்.”

“எடுத்துரலாம், ரெண்டு நிமிச வேல. ஓடிபி மட்டும் வரணும்.”

“எனக்கு வரட்டும்.”

“பதிஞ்ச நம்பருக்குத்தான வரும்.”

“அப்ப மொதல்ல நம்பர மாத்துங்க.”

“அதுக்கும் பழைய நம்பருக்குத்தான் வரும்.”

“ஆளு செத்துப் போயிருந்தா?”

“அதுக்கு வேற ஃபாரம். சர்டிபிகேட் வச்சா போதும், ஓடிபி வேண்டாம்.”

“உசுரோட இருக்கதுதான் தொந்தரவு, என்ன?”

பீர் மைதீன் சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ரெண்டு நிமிசம். தாலுகா ஆபீசிலும் இதையேதான் சொன்னார்கள். ‘வீட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்த கேளுங்க, ரெண்டு நிமிசம்.’ கேட்டால் கொடுக்கிற வீட்டுக்காரன் என்றால் அவள் ஏன் இங்கே வந்து நிற்கிறாள்? இதுவரை அவளுக்குச் சொல்லப்பட்ட ரெண்டு நிமிசங்களைக் கூட்டினால் லாட்ஜின் அத்தனை விரிப்புகளையும் அலசிப் பிழிந்து உலர்த்திவிடலாம்.

“அழுத்துங்க பாய். அந்த நம்பருக்கு நான் கூப்பிடுதேன்.”

திரையில் ஓடிபிக்கான மூன்று நிமிடக் கெடு இறங்கத் தொடங்கியது. முதல் முறை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறை ஒரு பெண் எடுத்தாள்.

“ஆரு?”

“அவுக இருக்காவளா?”

“போன வச்சிட்டு வேலைக்குப் போயாச்சு. நீங்க ஆரு?”

“நான் கீழப்பாவூரு.”

இந்தக் குரலைத் திட்டுவதற்கென்று ஒன்றரை வருடமாகச் சுகந்தி சேர்த்து வைத்திருந்தது நிறைய இருந்தது. நேரம்தான் இல்லை. திரையில் ஒன்று ஐம்பது.

“அந்தப் போன்ல இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும். ஆறு எண்ணு. அத வாசி.”

“எதுக்கு?”

‘கேஸ் சிலிண்டருக்குன்னு சொல்லு’ என்று பீர் மைதீன் வாயசைத்தார். சுகந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“கார்டுல அவுக பேர எடுக்கேன். நாளைக்கு எம்பிள்ளைக்குப் பொங்கிப் போட ஒண்ணுமில்ல.”

“அப்ப எங்களுக்கு அரிசி?”

“உன் பேரு எந்தக் கார்டுல இருக்கு?”

“ஒண்ணுலயும் இல்ல. அம்ம கார்டுல இருந்துச்சு. பேர வெட்டிட்டு வா, நம்ம கார்டுல சேக்கேன்னாரு.”

“சேத்தாரா?”

திரையில் ஒன்று பத்து.

“நாலு,” என்றது குரல். பீர் மைதீன் தட்டினார். “ஒண்ணு. ஜீரோ.”

அப்போது அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டது. அந்த வீட்டில் குழந்தை இருப்பது சுகந்திக்கு அதுவரை தெரியாது. “நிக்கணே அக்கா, இப்ப வாரேன்” என்றவள் போனை எங்கோ வைத்தாள். இணைப்பு அறுபடவில்லை. சுகந்தி தன் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

“விரசா சொல்லச் சொல்லு தங்கச்சி.”

திரையில் முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு. மறுமுனையில் டின் மூடி ஒன்று திறந்தது. பிறகு, தகரத்தின் அடியில் உழக்கு உரசிச் சுற்றும் சத்தம். இன்று காலை தன் வீட்டு அரிசி டின்னில் கேட்ட அதே சத்தம்.