கூடத்துச் சுவரில் நாற்பத்தொரு காதுகள்

1919 மே எட்டாம் தேதி காலை, வெர்சாய் நகரில் ஜெர்மன் தூதுக்குழு தங்கியிருந்த ஓட்டலின் கூடத்துச் சுவரில் நாற்பத்தொரு காதுகள் முளைத்திருந்தன. எல்லாம் ஆண்களின் காதுகள். முந்தின நாள்தான் உலகப்போரில் வென்றவர்கள் சமாதான நிபந்தனைகளை இவர்கள் கையில் திணித்திருந்தார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் மறுபடி பீரங்கி. காதுகளைப் பார்த்ததும் பிரெஞ்சுக்காரன் ஒட்டுக் கேட்கிறான் என்று குழு முடிவு கட்டிவிட்டது. படித்தவர்கள் அல்லவா, யோசிக்க நேரம் ஏது? சுண்ணாம்பு அடித்துப் பார்த்தார்கள். காதுகள் சிவந்தனவே தவிர உதிரவில்லை. ஆகவே யார் பேசினாலும் பக்கத்தில் பியானோ முழங்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அந்த வேலை, தட்டச்சு செய்ய வந்த ஹெட்விக்கின் தலையில் விழுந்தது. அவள் கணவன் ஆல்வின் பிரான்சில் போர்க்கைதி. வயல்களில் வெடிக்காத குண்டுகளைப் பொறுக்குகிறான். நாளுக்கு ஒருவனாவது சிதறிச் சாகிற வேலை. கையெழுத்தானால்தான் கைதிகளை விடுவார்கள். அதையே நினைத்துக்கொண்டு விரல் நோக வாசித்தாள்.

ஐந்தாம் நாள், பியானோவுக்கு மேலே இருந்த இடது காதை அவள் கண்டுகொண்டாள். கல்யாணமான வருடம் ஆல்வின் உறைந்த ஏரியில் சறுக்கி விழுந்து கிழித்துக்கொண்டதன் தழும்பு அதில் இருந்தது. தையல் போட்டவருக்கு விளக்குப் பிடித்ததே இவள்தான். தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. அப்படியானால் உயிரோடிருக்கிறான்.

அன்று விவாதம் முற்றியது. சட்ட ஆலோசகர் டாக்டர் குன்ட்லாக் மேசையைக் குத்தினார். "கையெழுத்துப் போட்டா மானம் போச்சு! கைதிங்கதானே? இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கட்டும், என்ன குடிமுழுகிப் போகுது?"

ஹெட்விக் வாசிப்பதை நிறுத்தினாள்.

"வாசிம்மா! அவனுங்க காதுல விழுந்துடப் போகுது!"

"விழட்டும் டாக்டர். இதெல்லாம் நம்ம ஆளுங்க காது. இது என் வீட்டுக்காரரோடது. இப்பச் சொன்னீங்களே, அதை இவர்கிட்ட வந்து இன்னொரு தரம் சொல்லுங்க."

கிழட்டு மொழிபெயர்ப்பாளர் எழுந்து ஜன்னலோரத்துக் காது ஒன்றிடம் போய், மகன் பெயரைச் சொல்லி அழுதார். குன்ட்லாக் தழும்புக் காதின் முன் வந்து நின்றார். வாயைத் திறந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின் பியானோவை யாரும் தொடவில்லை. மானத்தைப் பற்றிய பேச்சும் குறைந்தது. ஜூன் இருபத்தெட்டில் கையெழுத்தாயிற்று. காதுகளால்தான் என்று எந்தச் சரித்திரமும் எழுதாது. ஓட்டல்காரர் வாரம் ஒருமுறை அவற்றை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார்.

அடுத்த வருடம் பிப்ரவரியில் ஆல்வின் வீடு திரும்பினான். தலையின் இடப்பக்கம் வழவழவென்றிருந்தது. காது எங்கே என்று ஹெட்விக் கேட்கவில்லை. சூப்பை வைத்துவிட்டு, நாற்காலியை அவனுக்கு வலப்பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, உருளைக்கிழங்கு விலை ஏறிப்போனதைச் சொல்ல ஆரம்பித்தாள்.