இறங்கச் சொன்னவன்

மேகத்துக்குள் நுழைந்ததும் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. அன்று விமானத்தை ஓட்டியது துணை விமானியான அவள். பக்கத்தில் கேப்டன். இறங்கப்போகும் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரேடியோவில் வழி சொல்லிக்கொண்டிருந்தவன் அவள் கணவன். காலையில் குழந்தைக்காக யார் லீவு போடுவது என்று வாய்த்தகராறு முற்றி, முகம் கொடுத்துப் பேசாமல் கிளம்பி வந்தவர்கள் இருவரும்.

எதிரில் வேறொரு விமானம் நெருங்குவதாகக் கருவி எச்சரித்தது. திரையில் மஞ்சள் புள்ளி. உடனே அவன் குரல் வந்தது. கீழே இறங்கச் சொன்னான். மற்றவர்களுக்கு அது வழக்கமான குரல்தான். அதன் அடியில் ஓடிய நடுக்கம் அவளுக்கு மட்டும் கேட்டது. கை தானாகவே விமானத்தின் மூக்கை இறக்கத் தொடங்கியது.

புள்ளி சிவந்தது. “மேலே ஏறு, மேலே ஏறு” என்றது கருவி.

இரண்டு விமானங்களின் கருவிகளும் தங்களுக்குள் பேசி எடுத்த முடிவு அது. இது ஏறினால் அது இறங்கும். இப்போது மனிதன் பேச்சைக் கேட்டால் இரண்டும் ஒரே பக்கம் போய் முட்டிக்கொள்ளும். எத்தனையோ முறை பயிற்சியில் செய்ததுதான். ஆனால் பயிற்சியில் எதிர்த்துப் பேசியது அவன் குரல் இல்லையே.

“மெஷின் சொல்றதைக் கேளும்மா,” என்றார் கேப்டன் தணிந்த குரலில்.

பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கை மேலே தூக்கினாள். உடம்பு இருக்கையில் அழுந்தியது. மேகம் கிழிந்த இடத்தில், காலுக்குக் கீழே, ஒரு விமானத்தின் முதுகு சரிந்து போனது. அதன் ஜன்னல்கள்கூடத் தெரிந்தன.

கருவி சொன்னபடி ஏறுவதாகக் கேப்டன் ரேடியோவில் சொன்னார். பதில் சொன்னது வேறொருவர் குரல். அவனை இருக்கையிலிருந்து எழுப்பிவிட்டு வேறு ஆளை உட்காரவைத்துவிட்டார்கள் என்று புரிந்தது.

தரையிறங்கியதும் கேப்டன் தயங்கினார். “ரிப்போர்ட்டை நான் எழுதிடட்டுமா? அவர் இறங்கச் சொன்னதை உன் கையால எழுத வேணாம்.”

“ஓட்டினது நான் சார். முதல்ல இறக்கப் பாத்ததும் நான்தான். ரெண்டையும் நானே எழுதறேன்.”

வெளியே தூணோரம் அவன் நின்றிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“நான் சொன்னதைக் கேக்கலையே நீ,” என்றான்.

நன்றியா, மனத்தாங்கலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவள் பெட்டியை வாங்கக் கை நீட்டினான். அவள் விடவில்லை, அவனும் விடவில்லை. ஒரே கைப்பிடியில் இரண்டு கைகள். இறங்கி வந்த பயணிகள் ஆற்று நடுவில் கல்லைச் சுற்றுவதுபோல் அவர்களைச் சுற்றிப் போனார்கள்.

“நடுவுல கொஞ்சம் குலுங்குச்சு, அவ்வளவுதான்,” என்று போனில் சொல்லியபடி ஒருவர் கடந்து போனார்.