மனக்கணக்கில் ஒரு சைபர்

வலது கைக்கு உறை ஏறவில்லை. கருகிய ஆள்காட்டி விரல் மடங்கியபடியே விறைத்திருந்தது. சாலமோன் மூன்றாவது முறையாக இழுத்துப் பார்த்தான். கட்டிலில் கிடந்த பாக்கியராஜ் அவன் தங்கை ஞானம்மாவின் புருஷன். கும்மிடிப்பூண்டி ஆலையில் வேலை வாங்கிக் கொடுத்தது சாலமோன்தான். சவப்பெட்டி வந்துவிட்டது, பாதிரியார் பத்து மணிக்கு வருவார், இந்த ஒரு கை மட்டும் பாக்கி.

வாசலில் ஆலையின் ஜீப் நின்றது. வந்திருந்த ஆபீசர் டைப் அடித்த காகிதம் ஒன்றையும் தன் பேனாவையும் காலையிலேயே சாலமோன் சட்டைப்பையில் செருகியிருந்தார். கருவிகள் நல்ல நிலையில் இருந்தன, இறந்தவரின் கவனக்குறைவே காரணம் என்று அதில் இருந்தது. செக்‌ஷன் சார்ஜ்மேன் என்ற முறையில் அவன் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஞானம்மாவுக்கு கேன்டீனில் வேலை. போடாவிட்டால் விசாரணை. விசாரணையில் முதலில் மாட்டப்போவது யார் என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. அவ்வளவு மரியாதை இருவருக்கும் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன், எழுபத்தைந்தில், அந்த ஆசிலாஸ்கோப் மரப்பெட்டியில் வந்து இறங்கியது. மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாகக் காட்டும் பெட்டி. பழையவற்றில் குமிழைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். இது ஒரு கட்டத்துக்கு எத்தனை வோல்ட் என்று திரையின் மூலையில் தானே எழுதியது. கோடு போடுகிற அதே ஒளிப்புள்ளிதான் நடுநடுவே ஓடிப்போய் எழுத்தையும் எழுதிவிட்டு வருகிறது, நம் கண்ணுக்குத்தான் பிடிபடவில்லை என்று சாலமோன் எல்லாரையும் கூட்டி நிறுத்திப் பெருமையடித்தான். அந்த எழுத்து எதையும் அளப்பதில்லை, குமிழ் நிற்கிற இடத்தைப் பார்த்து எழுதுகிறது என்றும் சொன்னான். தொட்டுப் பார்க்கிற புரோப் மின்சாரத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து உள்ளே அனுப்பும். அதன் கழுத்திலுள்ள சின்ன ஊசி, செருகும் இடத்து வளையத்தில் பட்டால் திரை அதையும் கணக்கில் எடுத்துப் பத்து மடங்காக எழுதும். படாவிட்டால் அந்தப் பத்து மடங்கு சேராது, உள்ளதில் பத்தில் ஒரு பங்குதான் திரையில் தெரியும்.

மூன்று மாதமாக அந்த ஊசி உடைந்திருந்தது. பழுது நோட்டில் எழுதினால் புரோப்பை எடுத்துப் பூட்டிவிடுவார்கள், வெளிநாட்டிலிருந்து வேறு வரும்வரை பெஞ்சில் வேலை நிற்கும். சாலமோன் எழுதவில்லை. மனதிலேயே ஒரு சைபர் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று செக்‌ஷனிலிருந்த நாலு பேரிடமும் சொன்னான். நாலு பேரும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் அது பழகிப்போய், அதைப் பற்றிய பேச்சே நின்றுவிட்டது. பாக்கியராஜ் அங்கே மாற்றலாகி வந்தது திங்கட்கிழமை. ரேஷன் கார்டுக்காக சாலமோன் லீவு போட்டுப் பொன்னேரிக்குப் போனது செவ்வாய்க்கிழமை. இன்று புதன்.

ஞானம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கையில் பாக்கியராஜின் பாக்கெட் நோட்டு இருந்தது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. பஸ் நம்பரும் ரேஷன் அளவும் படிக்கிற அளவுக்கு எண் தெரியும்.

"பாக்காம தொட்டாருன்னு வாசல்ல பேசிக்கினு கீறாங்க. ஊட்ல ஒரு பல்பு மாத்தறதுக்கு ரெண்டு தபா மெயினப் போய்ப் பாக்கற மனுசன். கடைசியா இன்னா எழுதிகீறாரு, பாரு."

சாலமோன் வாங்கிப் பார்த்தான். பென்சில் எழுத்து, அவசரமே இல்லாத எழுத்து. கண்டென்சர், ஆறு கட்டம், கட்டத்துக்கு ஐந்து, 30. பக்கத்தில் ஒரு டிக்.

"முப்பது வோல்ட்டு."

"முப்பது ஆளக் கொல்லுமா?"

"கொல்லாது."

"அப்ப பாத்துட்டுதான் தொட்டுகீறாரு."

"ஆமா."

"அப்புறம் எப்டிண்ணா?"

அறையில் மெழுகுவர்த்திப் புகையும் ஓடிகோலன் வாசனையும் அடைத்துக்கொண்டிருந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் ஆபீசர், இந்தப் பக்கம் இவள், நடுவில் பாக்கியராஜ். கேன்டீன் வேலையை நினைத்தான். தன் மூன்று பிள்ளைகளையும் நினைத்தான். அவனுக்குப் பயமாக இருந்தது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஜீப்காரன் ஒருமுறை ஹாரன் அடித்தான்.

சாலமோன் ஆபீசரின் பேனாவை எடுத்துத் திறந்து, முப்பதுக்குப் பக்கத்தில் ஒரு சைபர் போட்டான். பென்சிலுக்குப் பக்கத்தில் அது நீலமாக நின்றது.

"இது எங்க எல்லாருக்கும் தெரியும். மச்சானுக்கு மட்டும் நான் சொல்லல."

ஞானம்மா நோட்டை வாங்கி, எண்களின் மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அந்த உறையக் குடு. நீ அவுரத் தொடாத."

கட்டிலோரம் உட்கார்ந்து கணவனின் கையை மடியில் எடுத்து வைத்தாள். மடங்கிய விரலை மெல்ல நீவி, உறையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றத் தொடங்கினாள். பேனாவின் மூடி எங்கே விழுந்தது என்று சாலமோன் குனிந்து தரையில் தேடிக்கொண்டிருந்தான்.