ஒன்றரை லிட்டர்

செக்கருக்கு மருமகளைப் பிடிக்காது. மருமகளுக்கும் செக்கரைப் பிடிக்காது. இதை இருவருமே ஒளித்து வைத்ததில்லை. ஒரே வீட்டில் ஆறு வருடம் இருந்தும், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் காலம் தள்ளினார்கள்.

முப்பத்திரண்டு வருடம் பேருந்துகளில் ஏறிப் பயணச்சீட்டு சோதித்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் 'செக்கர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. சீட்டு இல்லாதவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்பார். அப்படி அவர் கண்டுபிடித்தவர்களில் ஒருத்தி, பின்னாளில் அவருக்கே மருமகளாக வந்தவள். கல்லூரிக்குப் போகும்போது அவளுடைய சீட்டு எங்கோ விழுந்துவிட்டது. தொலைந்துவிட்டது என்று சொன்னாள். அவர் நம்பவில்லை. பேருந்து நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, பாதி வழியில் இறக்கிவிட்டார். அன்று அவளுக்குத் தேர்வு. ஐந்து வருடம் கழித்து மணப்பெண்ணாக அந்த வீட்டுக்குள் வந்தபோது அவள் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். அவர் கண்டுகொள்ளவில்லை. கணவனிடம் சொன்னாள். அவன் சிரித்தான். லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் இருபது நாள் வெளியூரில் இருப்பவன். அவனுக்கு எல்லாமே சிரிப்புதான்.

மாமியார் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தபோது செக்கருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. முதலில் மாடிப்படி. பிறகு, குனிந்து செருப்பு மாட்டினாலே. கால் இரண்டும் வீங்கின. மருமகள்தான் விடுப்புப் போட்டுவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள்.

"இதயம் நல்லாத்தான் துடிக்குது. ஆனா தள்ளுற பலம் பாதிதான் இருக்கு" என்றார் மருத்துவர். அதிராமல் பேசுகிற பெண்மணி. "தண்ணி, காபி, குழம்பு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒண்ணரை லிட்டர். உப்பு பாதி. தினமும் காலைல ஒண்ணுக்குப் போயிட்டு, எதுவும் சாப்பிடாம எடை பாருங்க. ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா அது சதை இல்ல, தண்ணி. உடனே எனக்குப் போன் பண்ணணும்."

மருமகள் தையல் ஆலையில் துணி வெட்டும் பிரிவில் இருந்தாள். அரை அங்குலம் பிசகினால் நூறு சட்டை வீணாகும் வேலை. அளவு என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அவளிடம் அதற்கு மேல் பேச்சில்லை. எடைக்கருவி வாங்கினாள். ஒரு பாட்டிலில் கோடு போட்டாள். நோட்டு ஒன்றில் தேதி, எடை, கால் வீக்கம் என்று எழுதினாள். அவள் வேலைக்குப் போகிற நேரத்துக்கு அரை லிட்டர் ஊற்றி மேசையில் வைத்துவிட்டுச் சமையலறையைப் பூட்டினாள்.

பூட்டு அவசியமாகத்தான் இருந்தது. ஆனாலும் சாவியைத் திருப்பும்போது அவளுக்கு உள்ளூர ஒரு ருசி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செக்கர் சும்மா இருப்பாரா? அத்தனை வருடம் திருட்டுப் பயணிகளைப் பிடித்த மனிதர், அவர்கள் செய்த அத்தனையையும் இப்போது தானே செய்தார். எடைக்கருவியில் ஏறும்போது சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். பல் தேய்க்கிறேன் என்று போய்க் கொப்பளிக்கிற தண்ணீரை விழுங்கினார். கடைக்காரனிடம் உப்புப் போட்ட வறுவல் பொட்டலம் வாங்கித் தலையணை உறைக்குள் வைத்தார். அவள் ஒன்றும் கேட்காமல் குனிந்து அவருடைய கணுக்காலில் கட்டைவிரலை அழுத்துவாள். எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நிற்கும்.

"கையை எடுத்துட்டு மறுபடியும் ஏறுங்க மாமா."

"உன் அப்பன் வீட்டுத் தண்ணியா இது?"

"யார் வீட்டுத் தண்ணியா இருந்தாலும் உங்க நெஞ்சுலதான் போய் நிக்கும். ஏறுங்க."

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற தாகம் அது. அவர் நடிக்கவில்லை. கனவில்கூடக் குழாய் திறந்துகொள்வதாக மகளிடம் தொலைபேசியில் சொல்லி அழுதார். "இவ என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக் காய வச்சுக் கொல்றாம்மா."

மகள் ஒரு வியாழக்கிழமை காலையில் பெட்டியோடு வந்து இறங்கினாள். மருமகளுக்கு நாத்தனார், வயதில் மூத்தவள். வந்த வேகத்தில் சமையலறைப் பூட்டைத்தான் பார்த்தாள்.

"நாய்க்குக்கூடக் கிண்ணத்துல தண்ணி வைப்பாங்க. பெத்த அப்பனா இருந்தா இப்படிப் பூட்டுவியா நீ?"

"டாக்டர் சொன்னதைச் செய்யுறேன் அக்கா. அவங்களையே கேளுங்க."

"டாக்டர் பூட்டச் சொன்னாங்களா?"

செக்கர் நாற்காலியில் இருந்தபடி சொன்னார், "என் மேல அவளுக்கு என்ன வஞ்சமோ. வந்த நாள்லேருந்து பாக்குறேன், ஒரு நாளாவது முகம் மலர்ந்து பேசினதில்ல."

ஆறு வருடம் வாயைக் கட்டி வைத்திருந்தவள் அன்று அவிழ்த்துவிட்டாள். பேருந்து, தொலைந்த சீட்டு, நடு வழி, எழுதாமல் போன தேர்வு, எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்து அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"எத்தனையோ பேரை இறக்கி விட்டிருக்கேன். உன் மூஞ்சி மட்டும் எப்படி ஞாபகம் இருக்கும்?"

மன்னிப்பை அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஞாபகமே இல்லை என்பதை அவளால் தாங்க முடியவில்லை. பூட்டைத் திறந்தாள். இரண்டு லிட்டர் ஜாடியை விளிம்பு தளும்ப நிரப்பி அவர் முன்னால் வைத்தாள். மாத்திரைகளையும் நோட்டையும் பக்கத்தில் வைத்தாள்.

"இனிமே நீங்களாச்சு, உங்க பொண்ணாச்சு."

நாத்தனார் ஊற்றினாள். செக்கர் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை ஏறி இறங்கக் குடித்தார். மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

முதல் நாள் அவருக்கு வாழ்வு வந்தது போல இருந்தது. மகள் உப்புக் குறைக்காமல் சமைத்தாள். அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாத்திரை போட்டீர்களா என்று அவள் கேட்டபோதெல்லாம் போட்டுவிட்டேன் என்றார். நீர் பிரிய வைக்கிற அந்த மாத்திரை கழிவறைக்கு நடையாய் நடக்க வைக்கிறது என்று அதைத் தொடவே இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம், வேலையிலிருந்து வந்த மருமகள் அவருடைய காலைப் பார்த்தாள். முழங்கால் வரை பளபளத்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் விடிந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அதற்குப் பொருள். அவளுக்கு அது தெரியும். நோட்டின் முதல் பக்கத்தில் அவள் கையாலேயே எழுதி வைத்திருந்தாள். ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

பதினொரு மணிக்கு ஆலைக்குத் தொலைபேசி வந்தது. வெட்டு மேசையிலிருந்து ஓடிப்போய் எடுத்தாள்.

"அப்பாவுக்கு மூச்சு வரல. வாயில நுரை நுரையா வருது. படுக்க வைக்கிறேன், திமிறுறாரு."

"படுக்க வைக்காதீங்க அக்கா. உக்கார வைங்க. கட்டில் ஓரத்துல, காலைத் தொங்கப் போட்டு. முதுகுக்குத் தலையணை குடுங்க. தண்ணி ஒரு சொட்டுக்கூட வேணாம். ஆம்புலன்சுக்கு நானே சொல்றேன், நீங்க அவரை விட்டு நகராதீங்க."

அவள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு மூக்கையும் வாயையும் மூடி முகமூடி மாட்டியிருந்தார்கள். நீர் பிரிய ஊசி போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். கட்டிலுக்குக் கீழே தொங்கிய பை மஞ்சளாக நிறைந்துகொண்டிருந்தது. அவருடைய உதடு இன்னும் நீலமாகத்தான் இருந்தது.

மருத்துவர் வெளியே வந்தார். நாத்தனார் முந்திக்கொண்டாள். "இவதான் டாக்டர் இத்தனை மாசமாப் பாத்துக்கிட்டா. என்ன பண்ணி வச்சாளோ."

நாத்தனார் மாத்திரைகளோடு எடுத்து வந்திருந்த நோட்டை மருத்துவர் புரட்டினார். "மூணு நாளா எடை எழுதலையே?"

பழியை நாத்தனார் பக்கம் தள்ளிவிட மருமகளுக்கு அதைவிட நல்ல சமயம் கிடைத்திருக்காது. வாய் வரை வந்தது.

"எழுதல. கோவத்துல விட்டுட்டேன். கால் வீங்கினதைப் பாத்தேன். இன்னைக்குக் காலைல உக்காந்துக்கிட்டே தூங்கினதையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் வேலைக்குப் போனேன்."

மருத்துவர் அவளைத் தேற்றவில்லை. "தெரியாதவங்க செய்யுறதுக்கு மருந்து இருக்கு. தெரிஞ்சவங்க பேசாம இருந்தா நான் என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டு நாத்தனார் பக்கம் திரும்பினார். "நீங்க எவ்வளவு தண்ணி குடுத்தீங்க?"

"கேக்கக் கேக்கக் குடுத்தேன். தாகம்னா உடம்பு கேக்குதுன்னுதானே அர்த்தம்?"

"அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. இதயம் பலமாத் தள்ளலைன்னா கிட்னிக்கு ரத்தம் குறைச்சலாப் போகும். கிட்னிக்கு நெஞ்சுல நடக்கிறது எப்படித் தெரியும்? நமக்கு வரத்துக் குறைஞ்சுபோச்சு, அப்படின்னா உடம்புலயே தண்ணி வத்திப்போச்சுன்னு அது முடிவு பண்ணிக்கும். உப்பை வெளிய விடாதே, தண்ணியை வெளிய விடாதேன்னு பிடிச்சு வைக்கும். தாகத்தையும் கிளப்பி விடும். நல்ல உடம்புல இதே ஏற்பாடுதான் வெயில்லயும் ரத்தம் போனாலும் நம்மளைக் காப்பாத்துது. இவருக்கு அதுவே எமன். சேர்ந்த தண்ணியைத் தள்ள முடியாம இதயம் தவிக்கும், அது பின்னாடி தேங்கி நுரையீரலுக்குள்ள கசியும். இவர் இன்னைக்கு மூழ்கினது கிணத்துல இல்ல, தன் உடம்புக்குள்ளயே."

நாத்தனார் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். மருமகள் அவளருகில் போகவில்லை.

மூன்று நாளில் ஐந்து கிலோ இறங்கியது. அத்தனையும் தண்ணீர். நான்காம் நாள் முகமூடியை எடுத்ததும் நாத்தனார், அப்பாவைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போவதாகச் சொன்னாள்.

"வேணாம்" என்றார் செக்கர். குரல் கரகரத்தது. "நீ பாசத்துல ஊத்திருவ. நானும் குடிச்சிருவேன். மாத்திரை போட்டேன்னு உன்கிட்ட பொய் சொன்னேன், நீ நம்பிட்ட. இவ நம்ப மாட்டா."

"உங்களை நான் கூட்டிட்டுப் போறேன்னு இன்னும் சொல்லலையே" என்றாள் மருமகள்.

"சொல்லாட்டிப் போ. அது என் வீடு."

"வீடு உங்களோடது. நோட்டு என்னோடது. சுவத்துல கை வைக்கக் கூடாது. மாத்திரையை என் கண்ணு முன்னாடி விழுங்கணும்."

"சமையலறையைப் பூட்டக் கூடாது."

அவள் நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "சரி, பூட்டல" என்றாள்.

இப்படி, மன்னிப்பும் இல்லாமல் சமாதானமும் இல்லாமல் வீட்டுக்கு வந்தார்கள். காலையில் அவர் எடையைச் சொல்வார், அவள் எழுதுவாள். தாகத்துக்கு ஒரு பனிக்கட்டியை வாயில் அடக்கிக்கொள்ள மருத்துவர் சொல்லியிருந்தார். அதையும் கணக்கில் சேர்த்தாள். சில நாள் ஏமாற்றுவார், பிடிப்பாள். ஏசிக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இதை மணி அடிப்பது போலக் கேட்டுப் பழகிவிட்டார்கள்.

ஏழு மாதம் கழித்து செக்கருக்கு வயிறு கெட்டது. ஒரே பகலில் பன்னிரண்டு முறை போனார். மறுநாள் எடை இரண்டரைக் கிலோ குறைந்திருந்தது. எழுந்து நின்றதும் கண் இருட்டிச் சுவரில் சாய்ந்தார். மருமகள் அவருடைய கணுக்காலை அழுத்தினாள். பள்ளம் விழவில்லை. நாக்கை நீட்டச் சொன்னாள். காய்ந்து கிடந்தது. மருத்துவருக்குப் போன் செய்தாள். நீர் மாத்திரையை நிறுத்து, உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு, மதியத்துக்குள் அழைத்து வா என்றார் மருத்துவர்.

தம்ளரோடு வந்தவளை செக்கர் மேலும் கீழும் பார்த்தார்.

"காலைலயே அரை லிட்டர் ஆச்சு. திரும்ப ஏன் ஊத்துற? அதுவும் உப்புப் போட்டு."

"குடிங்க."

"ஒரு தடவை ஜாடியை வச்சுட்டுப் போனவ நீ."

"ஆமா, வச்சேன்" என்றாள். "அன்னைக்கு உங்க உடம்புல தண்ணி கூடிப்போச்சு. இன்னைக்குக் குறைஞ்சுபோச்சு. கூடினா நெஞ்சு போயிரும், குறைஞ்சா கிட்னி போயிரும். என் மேல நம்பிக்கை இல்லைன்னா எடையைப் பாருங்க."

அவர் நோட்டை வாங்கி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, முந்தைய நாள் எண்ணையும் அன்றைய எண்ணையும் பார்த்தார். முந்தைய வாரத்தையும் பார்த்தார். பிறகு தம்ளரை வாங்கி, அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், வாய் வாயாகக் குடித்து முடித்தார்.

மதியம் மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். உப்பின் அளவு சற்றுக் கீழே போயிருந்தாலும் கிட்னிக்கு ஆபத்தில்லை என்றார் மருத்துவர். புதிதாகச் சேர்ந்திருந்த செவிலி படிவம் நிரப்பிக்கொண்டே கேட்டாள், "வீட்ல உங்களைப் பாத்துக்கிறது யாருங்க? பொண்ணா?"

"இல்ல" என்றார் செக்கர். "எனக்கு ஆகாதவ ஒருத்தி இருக்கா. அவதான் பாத்துக்கிறா."

செவிலி சிரித்தாள். மருமகள் சிரிக்கவில்லை. நீர் மாத்திரையை எந்த எடை வந்ததும் மறுபடி தொடங்குவது, அடுத்த ரத்தப் பரிசோதனை என்றைக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு அவருடைய செருப்பைக் காலால் தள்ளி அவர் பக்கம் வைத்தாள்.