சார்ந்திருப்போர் விவரம்

சம்பளப் பிரிவில் உட்கார்ந்திருப்பவளை மாதத்தில் ஒருநாள் எல்லோருக்கும் பிடிக்கும். மறுநாள் சம்பளச் சீட்டு கைக்குப் போனதும் அதே ஆட்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பிடிக்கிற வரியெல்லாம் என் கைப்பைக்குள் போகிறது என்று நினைப்பு. எங்கள் மெத்தைத் தொழிற்சாலையில் நூற்று நாற்பது பேர். பன்னிரண்டு வருஷமாக அத்தனை பேர் முறைப்பையும் வாங்கிக்கொண்டு நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன், நன்றாகத்தான் தூங்குகிறேன்.

ஆனால் அந்த வருஷ போனஸ் விஷயத்தில் தப்பு என்னுடையது. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்த மாதிரி பேச வேண்டாம்.

போனஸுக்கு முந்தின வாரம் ஆளுக்கொரு கடிதம் கொடுப்போம். உங்களுக்கு இவ்வளவு போனஸ் என்று ஒரு பத்தி, இந்தத் தொகையில் வருமான வரி பிடிக்கப்படும் என்று கடைசியில் ஒரு வாக்கியம். இரண்டு வருஷம் நஷ்டம் என்று போனஸே இல்லாமல் போய், அந்த வருஷம்தான் மறுபடி கொடுத்தார்கள். முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நன்றி சொல்கிறேன் பேர்வழி என்று நடுவில் ஒரு நீளமான பத்தியைச் சேர்த்துவிட்டார். கடைசி வாக்கியம் மட்டும் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது. ஒரே ஒரு வாக்கியத்துக்காக இன்னும் நூற்று நாற்பது தாள். அந்த வாரம்தான் மேலாளர் காகிதச் செலவைப் பற்றி ஒரு மணி நேரம் எங்கள் உயிரை வாங்கியிருந்தார். வரி பிடிப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு அச்சடித்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் அத்தான் வந்தார். என் அக்காவின் கணவர், எங்கள் கிடங்கிலேயே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அப்போது வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். கணக்கு என்பார்.

"என்ன கணக்கு, கடுதாசியெல்லாம் பலமா இருக்கு" என்று கையிலிருந்த தாளை விசிறி மாதிரி ஆட்டினார். "நாப்பதாயிரம். உங்க அக்காவோட காலேஜ் ஃபீஸ் எவ்வளவு சொல்லு பாப்போம்."

"தெரியலையே."

"நாப்பதாயிரம். அளவெடுத்துத் தச்ச மாதிரி வந்திருக்கு."

நான் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

அக்கா எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு படித்தவள். படித்தவள் என்றால் பாதி. இரண்டு வருஷப் படிப்பில் ஒரு வருஷம் முடித்தாள், கல்யாணம் ஆனது, அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள். பத்து வருஷத்துக்குள் திரும்பி வந்தால் மீதி ஒரு வருஷத்தை முடித்துக்கொள்ளலாம் என்று கல்லூரியில் ஒரு விதி. இது பத்தாவது வருஷம். இந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பணம் கட்டாவிட்டால் படித்த அந்த ஒரு வருஷமும் இல்லாததாகிவிடும்.

"போனஸ் வெள்ளிக்கிழமை காலையில வந்துடும்ல?" என்றார் அத்தான்.

"வந்துடும்."

"அப்புறம் ஏன் உன் முகம் இப்படிப் போகுது?"

சொன்னேன். நாற்பதாயிரம் அப்படியே வராது, எட்டாயிரம் வரியில் போய்விடும், முப்பத்திரண்டுதான் கையில் கிடைக்கும் என்று. அவர் முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாசச் சம்பளத்துல இவ்வளவு பிடிக்க மாட்டீங்களே. போனஸ்னா மட்டும் என்ன இளக்காரம்?"

"உங்க கிடங்கு மாதிரிதான் அத்தான். மூணு தட்டு இருக்குன்னு வைங்க. கீழ்த்தட்டுல வைக்கிற சரக்குக்கு வாடகை கிடையாது. நடுத்தட்டுக்குக் கொஞ்சம். மேல்தட்டுக்கு அஞ்சுல ஒரு பங்கு. உங்க ஒரு வருஷச் சம்பளமே கீழயும் நடுவுலயும் நிறைஞ்சு, மேல கொஞ்சம் ஏறி நிக்குது. போனஸ் கடைசியா வர்ற சரக்கு. அது முழுக்க மேல்தட்டுக்குத்தான் போகும்."

அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். மனசுக்குள் வண்டியை ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"அப்போ சம்பளத்தைத் தூக்கி மேல வச்சுட்டு போனஸைக் கீழ இறக்கு."

"எதை எங்க வச்சாலும் மொத்தச் சரக்கு அதேதானே?"

"அட ஆமா" என்று கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்திருக்கவில்லை. "அவகிட்டச் சொல்லிட்டேன் கணக்கு. நேத்தே சொல்லிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வாக்கியம். அதை எடுக்காமல் இருந்திருந்தால் இந்த மனுஷன் வாய் நிறையப் போய்ச் சொல்லியிருக்க மாட்டார்.

வழி ஒன்று இருந்தது. அது என் மேஜையின் கீழ் இழுப்பறையில் இரண்டு வருஷமாகக் கிடந்தது.

வேலைக்குச் சேரும்போது எல்லோரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் சார்ந்திருப்போர் விவரம் என்று ஒரு பகுதி. வருமானமில்லாத மனைவியோ கணவரோ இருந்தால், சம்பளத்தில் ஒரு பங்குக்கு வரி கிடையாது. அத்தான் சேர்ந்தபோது அந்தப் படிவம் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. அக்கா தன் பெயரைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் 'நான் யாரையும் சார்ந்து இல்லை' என்று எழுதியிருந்தாள். அதைக் கோப்பில் வைக்கவும் முடியாது, கிழிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. மனைவி பகுதியை வெறுமையாக விட்டு வேறு படிவம் வாங்கிக்கொண்டேன். அந்த வீம்பில் மாதாமாதம் எழுநூற்றைம்பது வீணாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது புதுப் படிவம் கொடுத்தால், இந்த வருஷத்தில் கழிந்த பத்து மாதத்துக்கும் சேர்த்து இந்தப் போனஸ் பட்டியலிலேயே திரும்பக் கிடைக்கும். ஆனால் வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பட்டியலை மூடிவிடுவேன். மனைவியின் கையெழுத்தும் வேண்டும்.

சாயங்காலம் புதுப் படிவத்தோடு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் மேஜையில் பழைய வெள்ளைக் கோட்டைப் போட்டு, பக்கத் தையலைப் பிரித்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள்.

"பத்து வருஷத்துல துணி சுருங்கிடுச்சு" என்றாள்.

"ஆமா, துணிதான்" என்றார் அத்தான் மூலையிலிருந்து. அவரிடம் அன்று இருந்த துணிச்சல் அவ்வளவுதான். விஷயத்தைச் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

அக்கா ஊசியை நிறுத்தாமல் கேட்டாள். எட்டாயிரம் என்று சொன்ன இடத்தில் மட்டும் நூல் அறுந்தது.

"நான் தரேன்க்கா. தப்பு என்னோடது."

"வேண்டாம். முதல் வருஷம் அப்பா கடன் வாங்கிக் கட்டினாரு. பாதியில நின்னப்ப ஆளாளுக்கு அதைச் சொல்லிக் காட்டினீங்க. நீயும்தான். இனிமே யார் காசுலயும் நான் படிக்கிறதா இல்லை."

"போனஸ் மட்டும் அத்தான் காசில்லையா?"

"அது வீட்டுக் காசு. அதுல பாதி என் உழைப்பு."

சரி, இவளிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று படிவத்தை எடுத்து வைத்தேன். தலைப்பைப் பார்த்ததுமே அவள் முகம் மாறியது.

"இன்னுமா இதை விடலை நீங்க? காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சா ராத்திரி படுக்கற வரைக்கும் நான் உக்கார்றதில்லை. இவருக்குத் தன்னோட சட்டை எங்க இருக்குன்னு தெரியாது. பசங்களுக்கு ஷூ எங்க இருக்குன்னு தெரியாது. இந்த வீட்டுல யாரு யாரைச் சார்ந்திருக்காங்க?"

"நான்தான் சார்ந்திருக்கேன்" என்றார் அத்தான். "என் பேரை எழுதிக்கலாம்னா எழுதிக்க கணக்கு, எனக்கு ஆட்சேபணை இல்லை."

"அதுக்கு ஃபாரத்துல இடம் இல்லை அத்தான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு வாயை அடக்கத் தெரிந்தால்தானே? "அக்கா, இந்த ஃபாரம் உன் உழைப்பைக் கேக்கலை, உன் குணத்தைக் கேக்கலை. உன் பேர்ல ஒரு சம்பளச் சீட்டு இருக்கான்னு கேக்குது. இல்லை. அவ்வளவுதான்" என்றேன்.

அக்கா கோட்டை மடித்தாள். தையல் பாதிதான் முடிந்திருந்தது.

"நேரமாச்சு, நீ கிளம்பு" என்றாள்.

படிவத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன். பஸ் ஏறும் வரை என்னையே திட்டிக்கொண்டேன். பத்து வருஷமாக அவள் மனசில் உறுத்திக்கொண்டிருந்ததை நான் போய் ஒரு குத்தில் வெளியே எடுத்துவிட்டேன். அதுவும் சொந்தத் தங்கச்சி.

புதன்கிழமை மேலாளரிடம் போய்ச் செய்ததைச் சொன்னேன். காகிதம் மிச்சம் பிடிக்கச் சொன்னவர் அவர்தான் என்பதையும் சொன்னேன். அது அவருக்கு ரசிக்கவில்லை. அறிவிப்புப் பலகையில் விட்டுப்போன வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் ஒட்டினேன். பத்து நிமிஷத்தில் என் கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. வெட்டும் பிரிவுக்காரர் போனஸை நம்பிப் புது சோபா சொல்லிவிட்டாராம். மெத்தை செய்கிற இடத்தில் இருந்துகொண்டு சோபா வாங்கலாமா என்று பக்கத்தில் நின்றவர் அவரைப் பிடித்துக்கொண்டதால் நான் தப்பித்தேன். அத்தான் அந்தப் பக்கம் வரவே இல்லை. தூரத்தில் அவர் வண்டி பின்னால் வரும்போது அடிக்கும் மணிச் சத்தம் மட்டும் நாள் முழுக்கக் கேட்டது.

வியாழக்கிழமை பதினொன்றரைக்குப் பட்டியல் தயார். மூடும் பொத்தானை அழுத்தினால் தீர்ந்தது. நான் அழுத்தவில்லை. தேநீர் குடித்தேன். மேஜையைத் துடைத்தேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வாசல் காவலாளி தொலைபேசியில் கூப்பிட்டு, உங்க அக்கான்னு சொல்றாங்க, கோபமா இருக்காங்க, உள்ள விடட்டுமா என்றார்.

பஞ்சுச் சுருள்களுக்கு நடுவே விறுவிறு என்று நடந்து வந்தாள். படிவத்தை என் முன்னால் வைத்தாள். எல்லாம் நிரப்பியிருந்தது. இரண்டு கையெழுத்தும் இருந்தது. மனைவியின் வருமானம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, அதற்கு முன்னால் சின்ன எழுத்தில் 'இந்த வருஷம்' என்று நுழைத்திருந்தாள்.

"அப்படி எழுத இடம் இருக்கா?" என்றாள்.

"இல்லை."

"எழுதிட்டேன்."

"இருக்கட்டும்."

எண்களைப் போட்டேன். திரையில் அத்தானின் பெயருக்கு நேராக வரி எட்டாயிரத்திலிருந்து ஐந்நூறாக இறங்கியது. அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. இன்னும் ஐந்நூறு குறையுது" என்றேன். "அதை நான் கட்டுவேன். கடன் இல்லை, தயவும் இல்லை. ஒரு வாக்கியத்தை விட்டதுக்கு எனக்கு அபராதம்."

"அபராதம்னா ஆயிரமாக் கட்டு" என்றாள் அக்கா. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது பட்டியலை மூடினேன்.

"செவ்வாய்க்கிழமை நான் பேசினது தப்புக்கா" என்றேன்.

"பேச்சு தப்பில்லை. பேசின விதம்தான் தப்பு." வாசல் வரை போனவள் திரும்பினாள். "இந்த ஃபாரம் எத்தனை நாளைக்குச் செல்லும்?"

"உனக்குச் சம்பளம் வர்ற வரைக்கும்."

வெள்ளிக்கிழமை இரண்டரைக்குப் பணம் கட்டினாள். ரசீதை அத்தான் கிடங்கில் ஒரு ஆள் விடாமல் காட்டினார்.

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. போன வாரம் அத்தான் என் சன்னலுக்கு வந்து, உங்க அக்கா கீழ நிக்கறா, ஏதோ ஃபாரம் வேணுமாம், இனிமே என் சம்பளத்துல மாசம் எழுநூத்தம்பது குறையுமாமே, நல்ல குடும்பம் இது என்று அலுத்துக்கொண்டார். அலுப்பு குரலில் மட்டும்தான் இருந்தது.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை. நான் கொடுத்த படிவத்தில் தன் பெயர் இருந்த இடத்தில் நிதானமாக ஒரு கோடு போட்டாள். பிறகு பையிலிருந்து அவளுடைய முதல் சம்பளச் சீட்டை எடுத்து என் முன்னால் விரித்தாள். நான் சம்பளத் தொகையைத் தேடினேன். அவள் விரலை வைத்தது அதற்கு நாலு வரிசை கீழே.

"இங்க பாரு. என்கிட்டயும் வரி பிடிச்சிருக்காங்க" என்றாள்.

நூற்றுப் பன்னிரண்டு ரூபாய். பன்னிரண்டு வருஷமாகிறது நான் இந்தச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து. பிடித்தத்தைக் காட்டி ஒருத்தர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.